ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓராண்டு: பறவை, விலங்குக் கணக்கேடு எழுதும் முறை

சென்னையின் தென்புறத்தில், மேடவாக்கத்திலுள்ள என் வீட்டை மையமாக வைத்து ஐந்து கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொண்டு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அதற்குள் கண்ணில் பட்ட, காதில் விழுந்த காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் கணக்கில் ஏற்றும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆண்டு முடிவில் ‘இத்தனை இனங்கள்’ என்று ஓர் எண் கிடைக்கும். நண்பர்களிடம் சொல்வதற்கு அது போதும். ஆனால் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டோடு ஒப்பிட்டு ஏதேனும் தெரிந்துகொள்ள வேண்டுமானால், எதைப் பார்த்தோம் என்பதோடு எங்கே நின்று, எவ்வளவு நேரம், எந்த நிலையில் பார்த்தோம் என்பதும், அதைவிட முக்கியமாக, எதைப் பார்க்கவில்லை என்பதும் ஏட்டில் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட கணக்கேட்டை அமைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

வட்டமும் அதன் விதிகளும்

ஐந்து கிலோமீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்பு. என் வட்டத்துக்குள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி, பெரும்பாக்கம் நீர்நிலை, சித்தாலப்பாக்கம் ஏரி, நன்மங்கலம் காப்புக்காடு ஆகியவை விழுகின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் ஒன்று வட்டத்துக்குள்ளேயே இருப்பது என் நல்வாய்ப்புதான். ஆனாலும் ஓர் ஏரி, ஒரு தோப்பு, நான்கு தெருக்கள் உள்ள எந்த ஊரிலும் இதே முறை செல்லும். வேடந்தாங்கலுக்கோ கிண்டிக்கோ போனால் பட்டியல் உடனே நீளும். கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் எளிதில் கண்ணில் படும். ஆனால் அவை வட்டத்துக்கு வெளியே இருப்பதால் இந்த ஏட்டில் அவற்றுக்கு இடமில்லை. எல்லை சிறிதாக இருந்தால்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்ல முடியும். அந்தத் திரும்பச் செல்லுதலே இந்த வேலையின் உயிர்.

எல்லை வரைந்த உடனே எழும் கேள்வி, எல்லைக்கு அப்பால் பறக்கும் பறவையை என்ன செய்வது என்பது. பெருங்குடி குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கள்ளப்பருந்துகள் என் எல்லையின் விளிம்பில் உள்ளேயும் வெளியேயும் போய்வருகின்றன. பறவை எங்கே இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்க முடியாது என்பதால், நான் வட்டத்துக்குள் நின்று பார்த்தால் அது கணக்கில் சேரும் என்று விதி வைத்துக்கொண்டேன். நிற்கும் இடத்தைக் கைப்பேசி சரியாகச் சொல்லிவிடும். பருந்தின் இடத்தை எதுவும் சொல்லாது.

எவை கணக்கில் சேரும் என்பதையும் முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும். ஆண்டின் நடுவே விதியை மாற்றினால் எண்ணிக்கை பொருளற்றுப் போகும். குரல் மட்டும் கேட்ட பறவை, அந்தக் குரலை நான் ஐயமின்றி அறிவேன் என்றால், சேரும். ஆனால் தனிக் குறியோடு சேரும். மாடப்புறா சேரும். கூண்டிலிருந்து தப்பிவந்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் லவ் பேர்ட்ஸ் சேராது. நாய், பூனை, எருமை சேரா. சாலையில் அடிபட்டு இறந்துகிடப்பவை இனங்களின் மொத்த எண்ணிக்கையில் சேரா. ஆனால் அவற்றுக்கென்று ஒரு தனிப் பக்கம் உண்டு. இரவில் நடமாடும் மரநாய் போன்ற விலங்குகளைப் பற்றி அந்தப் பக்கம் சொல்வதைப் பல வேளைகளில் வேறு எந்தப் பக்கமும் சொல்வதில்லை.

இனம் உறுதியாகாதவற்றுக்கும் இடம் வேண்டும். சேற்றிலிருந்து திடீரென்று எழுந்து கோணல்மாணலாகப் பறந்துவிடும் உள்ளான், கோரை உள்ளானா ஊசிவால் உள்ளானா என்று பெரும்பாலும் தெரிவதில்லை. அதை ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று எழுதுகிறேன், மொத்தத்தில் சேர்ப்பதில்லை. நெட்டைக்காலிகளுக்கும், புதருக்குள் ‘டக், டக்’ என்று மட்டும் கேட்கும் கதிர்க்குருவிகளுக்கும் இதே நடைமுறைதான், அவற்றில் பெரும்பகுதி பிளித் நாணல் கதிர்க்குருவியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தாலும்கூட. ஊகித்துப் பெயர் எழுதுவதைவிட இது குறைவாகத் தோன்றலாம். பத்து ஆண்டுகள் கழித்து ஏட்டைப் புரட்டுபவருக்கு இதுவே பயன்படும்.

முயற்சியை எழுதுதல்

கணக்கேட்டின் மிக முக்கியமான பகுதிக்கு இப்போது வருகிறேன். இந்த ஆண்டு சென்ற ஆண்டைவிடப் பத்து இனங்கள் கூடுதலாகக் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். பறவைகள் பெருகியிருக்கலாம், அல்லது நான் அதிக நாட்கள் வெளியே போயிருக்கலாம், அல்லது நல்ல கண்ணுள்ள நண்பர் ஒருவர் கூட வந்திருக்கலாம். முயற்சி எவ்வளவு என்பது பதிவாகாவிட்டால் இம்மூன்றையும் பிரித்தறிய வழியே இல்லை.

ஆகவே வட்டத்துக்குள் சில நிலையான இடங்களைத் தேர்ந்துகொண்டேன். ஒன்று வீட்டு மொட்டைமாடி. இன்னொன்று பெரும்பாக்கம் நீர்நிலையின் ஓரம். மூன்றாவது நன்மங்கலம் காட்டின் சாலையோரம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் சாலையோரத்தோடு நின்றுகொள்கிறேன். மாடியில் வாரத்துக்கு ஒரு முறை, சூரியன் உதித்து அரைமணிக்குள், இருபது நிமிடம் நிற்பது; மற்ற இரண்டு இடங்களிலும் மாதத்துக்கு இரண்டு முறை, காலையில், ஒரு மணி நேரம் எண்ணுவது. இந்த நேரத்துக்குள் பார்த்த, கேட்ட அத்தனை இனங்களையும் எழுத வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. இதைத்தான் முழுப் பட்டியல் என்கிறோம். எல்லாவற்றையும் எழுதினால் மட்டுமே, பட்டியலில் இல்லாத ஒன்று அங்கே தென்படவில்லை என்று பின்னால் சொல்ல முடியும். அரியவற்றை மட்டும் பொறுக்கி எழுதிய பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் இருப்பதற்குப் பொருளே கிடையாது.

பனங்காடையை எடுத்துக்கொள்கிறேன். சித்தாலப்பாக்கம் செல்லும் வழியில் ஒரு மின்கம்பியில் குளிர்காலந்தோறும் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. என் பட்டியல்களில் அதன் பெயர் தொடர்ந்து வந்தது. பிறகு ஒரு குளிர்காலத்தில் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை. அதே வழி, அதே மாதங்கள், ஏறத்தாழ அதே அளவு நேரம் என்று ஏட்டில் இருப்பதால் அந்தச் சுழியங்களை நான் நம்புகிறேன். ஒரே கம்பியை வைத்து நாட்டைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து, பனங்காடை நாடெங்கும் குறைந்துவருவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய சுமார் மூன்று கோடிப் பதிவுகளின் மேல் அந்த அறிக்கை நிற்கிறது. ஓர் இனம் எத்தனை பறவைகள் என்பதைவிட, நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் அது இடம்பெறுகிறது என்ற விகிதத்தையே அதில் அடிப்படை அளவாகக் கொண்டார்கள். என் ஏட்டிலும் ஆண்டிறுதியில் அதே விகிதத்தைத்தான் கணக்கிடுகிறேன். இனங்களின் மொத்த எண்ணிக்கையைவிட அது அதிகம் பேசுகிறது.

ஏடும் கட்டங்களும்

களத்தில் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நோட்டும் பென்சிலும் போதும். பேனா மை மழையில் கரைந்துவிடும். சென்னைக்கு மழை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் பறவைகள் வந்துசேரும் காலமும் ஒன்றே என்பதால் இது சிறு விஷயமில்லை. பெயர்களை முழுதாக எழுதிக்கொண்டிருந்தால் பறவை போய்விடும், ‘நா.கோ.’ என்றால் நாமக்கோழி, ‘நீ.சி.’ என்றால் நீலச்சிறகி, ‘நெ.உ.’ என்றால் நெடுங்கால் உள்ளான் என்று சுருக்கங்களை அட்டையின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அன்று இரவே விரிதாளில் ஏற்றிவிட வேண்டும். நான்கு நாட்கள் கழிந்தால் ‘நீ.தா.’ என்பது நீலத் தாழைக்கோழியா நீளவால் இலைக்கோழியைப் பற்றி அவசரத்தில் கிறுக்கியதா என்ற விசாரணை தொடங்கிவிடும்.

விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு பதிவு: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், உடன் வந்தவர் எண்ணிக்கை, வானிலை, நீர்மட்டம், இனம், எண்ணிக்கை, சான்று. சான்று என்ற கட்டத்தில் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘தடம்’, ‘எச்சம்’, ‘இறந்தது’ என்ற ஐந்தில் ஒன்று வரும். மாதத்துக்கு ஒரு தாள், இடத்துக்கு ஒரு தாள் என்று பிரிப்பது பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நீண்ட தாளில் இருந்தால்தான் இனவாரியாகவோ மாதவாரியாகவோ நினைத்தபடி வடிகட்டிப் பார்க்க முடியும்.

நீர்மட்டம் என்ற கட்டத்தை முதலில் நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. இன்று அதை விடவே மாட்டேன். பெரும்பாக்கத்தில் சிறு மதகு ஒன்றின் பக்கச் சுவரில் எத்தனை வரிசைக் கற்கள் நீருக்கு மேலே தெரிகின்றன என்று எண்ணி எழுதுகிறேன். அளவுகோல் எதுவும் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டிப் பெய்த மழையில் இந்தப் பகுதி முழுவதும் வெள்ளக்காடானபோது, அதற்குப் பிந்தைய பட்டியல்களில் சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்கள் பெரிதும் குறைந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் வலசை பொய்த்துவிட்டது என்றே நினைப்பார். பக்கத்துக் கட்டத்தில் கல் வரிசை எதுவும் தெரியவில்லை என்ற குறிப்பைப் பார்ப்பவருக்கு, அவற்றின் குட்டைக் கால்களுக்கு நிற்க இடமில்லை என்பது புரியும். நீர் வடிய வடிய அவை திரும்பின.

கூட்டத்தை எண்ணுதல்

நாலு மடையான், இரண்டு சாம்பல் நாரை என்று எண்ணுவதில் சிக்கலில்லை. நாமக்கோழிகள் நீரில் கறுப்புப் புள்ளிகளாகப் பரவிக்கிடக்கும்போதும், அரிவாள்மூக்கன்கள் கூட்டமாக எழும்பும்போதும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுள்ள துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால் ஐம்பதை அலகாகக் கொள்ளலாம். நெருக்கம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. நடுவில் செறிந்தும் ஓரத்தில் சிதறியும் இருக்கும் என்பதால் இரண்டு இடங்களில் அலகை எடுப்பது நல்லது. மூன்று முறை எண்ணி நடுவில் வரும் எண்ணை எழுதுகிறேன். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். அதுவரை எண்ணியது போயிற்று என்று சலித்துக்கொள்ளலாம், ஆனால் கோரைக்குள் மறைந்திருந்த வாத்துகள் அப்போதுதான் வெளியே தெரியும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நிற்பது அவசியம். எதிர்வெயிலில் பெரிய வெண்கொக்கும் சின்ன வெண்கொக்கும் உண்ணிக்கொக்கும் ஒரே நிழலுருவாகிவிடும். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட பைனாகுலர் இந்த வேலைக்கு ஏற்றது. பத்து மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் பெருகுவதால், நீண்ட நேரம் எண்ணும்போது கண் களைத்துவிடுகிறது.

விலங்குகளுக்கு வேறு முறை

பறவைகளுக்குப் பொருந்தும் ஒரு மணி நேரக் கணக்கு விலங்குகளுக்குப் பொருந்தாது. அணிலையும், நீர்நிலைக் கரையில் குறுக்கே ஓடும் கீரிப்பிள்ளையையும் தவிர, பகலில் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே பாலூட்டிகளுக்கு எண்ணிக்கை எழுதுவதில்லை; மாதத்துக்கு ஒரு கட்டம் வைத்து, அந்த மாதத்தில் அந்த இனத்துக்குச் சான்று கிடைத்ததா இல்லையா என்று மட்டும் குறிக்கிறேன். மரநாய் பெரும்பாலும் ‘எச்சம்’ என்ற சான்றோடுதான் ஏட்டுக்குள் வரும். மதில் மேலும் மாடி விளிம்பிலும் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் முந்தின இரவு அது வந்துபோனதாகக் கொள்ளலாம். முயலுக்குப் புழுக்கை, நரிக்கு ஊளை. பெருச்சாளியும் மூஞ்சூறும் வீட்டு வாசலிலேயே கணக்கில் ஏறிவிடுகின்றன. அவற்றுக்காக யாரும் பெருமைப்படுவதில்லை என்றாலும் கட்டம் கட்டம்தான்.

பழந்தின்னி வௌவால்களை மட்டும் எண்ண முடிகிறது. அவை பகலில் தங்கும் மரத்துக்கு அருகே, அந்தி மயங்கும்போது வானம் வெளிறியிருக்கும் பக்கம் பார்த்து நின்றால், ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதை எண்ணலாம். தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களின் இனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது இயலாத காரியம். அவை உள்ளானைப் போலவே ‘இனம் தெரியவில்லை’ வரிசையில் நிற்கின்றன. மழை தொடங்கியதும் சாரைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் சாலைக்கு வருகின்றன. இறந்தவற்றின் பக்கம் அந்த மாதங்களில்தான் நிரம்புகிறது.

ஆண்டை எங்கே வெட்டுவது

ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பது நாள்காட்டியின் வசதி. பறவைகளுக்கு அது தெரியாது. பொரி உள்ளான்களும் தகைவிலான்களும் ஆகஸ்ட் முதலே தலைகாட்டத் தொடங்குகின்றன, செப்டம்பரில் பழுப்புக் கீச்சானின் கரகரப்பான குரல் முள்வேலிகளில் கேட்கிறது, நீலச்சிறகிகள் வருகின்றன, அக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்திறங்கி, நெடும்பயணக் களைப்பில் வீட்டுத் தோட்டங்களில்கூடக் கிடைக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். டிசம்பர் 31-இல் கோடு போட்டால் ஒரே குளிர்காலம் இரண்டாகப் பிளந்து, பாதி இந்த ஆண்டிலும் பாதி அடுத்த ஆண்டிலும் விழுகிறது. அதனால் மொத்த இனங்களின் எண்ணிக்கையை நாள்காட்டி ஆண்டுக்கும், வருகை தேதி, புறப்பாட்டு தேதி ஆகியவற்றை ஜூலை 1 முதல் மறு ஜூன் 30 வரையிலான வலசை ஆண்டுக்கும் என இரண்டு கணக்காக வைத்திருக்கிறேன். தரவு ஒன்றே, வடிகட்டும் தேதி மட்டும் வேறு.

வருகை தேதியைக் குறிப்பது எளிது. முதல் நாள் மகிழ்ச்சியாகவும் இருக்கும். புறப்பாட்டு தேதி அப்படியல்ல. கடைசிப் பழுப்புக் கீச்சானைப் பார்க்கும்போது அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பின் வந்த முழுப் பட்டியல்களில் அது இல்லை என்ற பிறகே தெரியும். ஏப்ரல் வெயிலில் வெளியே போவதை நிறுத்திவிட்டால், பறவை போன தேதிக்குப் பதிலாக நாம் சோர்ந்த தேதியே ஏட்டில் ஏறும். கோடையில் போவதற்கு வேறு காரணமும் உண்டு. நீளவால் இலைக்கோழிகளின் வால் அப்போதுதான் நீண்டு வளைந்திருக்கும். வற்றிய சேற்றுத் திட்டுகளில் நெடுங்கால் உள்ளான்கள் முட்டையிடும். ஆழம் குறைந்த நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நிற்கும்.

புதிய இனங்கள் சேரும் வேகமும் ஆண்டு முழுவதும் சீராக இருப்பதில்லை. ஜனவரியில் ஒவ்வொரு நடையிலும் பெயர்கள் சேரும். மே, ஜூன், ஜூலையில் கோடு தட்டையாகிவிடும். செப்டம்பருக்குப் பிறகு மீண்டும் ஏறும். தட்டையான மாதங்களில் புதிய பெயர் வேண்டும் என்று அலைந்தால் நிலையான இடங்களின் எண்ணிக்கை தவறிப்போகும். அது கூடாது.

பொதுக் கணக்கோடு சேர்த்தல்

என் ஏட்டில் உள்ள முழுப் பட்டியல்களை, கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் தளத்திலும் ஏற்றுகிறேன். தனி ஏடு எதற்கு என்று கேட்கலாம். நீர்மட்டம், எச்சம், இறந்தவை ஆகியவற்றுக்கு அங்கே எனக்கு வேண்டிய விதத்தில் இடமில்லை. என் ஏட்டுக்கோ ஆயிரம் பேரின் கண் இல்லை. இரண்டும் தேவை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது பதினைந்து நிமிடப் பட்டியல்களைக் கூடுதலாக எழுதுகிறேன். அந்த நாட்களின் மிகுதியான முயற்சி ஜனவரிக் கணக்கைக் கோணலாக்காமல் இருக்க அவற்றுக்குத் தனிக் குறி உண்டு. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நீர்நிலைக்கு ஒரு மொத்த எண்ணிக்கையைக் கேட்கிறது. மேலே சொன்ன பத்துப் பத்தாக எண்ணும் பயிற்சி அங்கே கைகொடுக்கும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொன்னதை மட்டும் நம்பி எதையும் ஏட்டில் ஏற்றுவதில்லை. கரிச்சானும் வால்காக்கையும் பிற பறவைகளைப் போலக் குரல் கொடுக்கும் ஊரில் அது பெயர் சொன்னால், பைனாகுலரைத் தூக்கி அந்தத் திசையில் தேட வேண்டும் என்றே எடுத்துக்கொள்கிறேன். நன்மங்கலம் பாறைச் சரிவுகளில் வாழும் கொம்பன் ஆந்தையின் இருப்பிடத்தைத் துல்லியமாக எந்தப் பொதுத் தளத்திலும் எழுதுவதில்லை. கூடு தெரிந்துவிட்டால் படமெடுப்பவர்கள் கூடிவிடுவார்கள். குரலை ஒலிபரப்பி வெளியே இழுப்பவர்களும் வருவார்கள். ஏட்டில் ‘நன்மங்கலம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டிசம்பர் கடைசியில் ஏட்டை மூடும்போது நான்கு பட்டியல்களைப் பிரித்தெடுக்கிறேன்: அந்த ஆண்டு கிடைத்த எல்லா இனங்களும், ஒரே ஒரு முறை மட்டும் கிடைத்தவை, முந்தைய ஆண்டுகளில் தவறாமல் கிடைத்து இம்முறை கிடைக்காதவை, நிலையான இடங்களில் ஒவ்வோர் இனமும் எத்தனை விகிதப் பட்டியல்களில் வந்தது என்பது. மூன்றாவது பட்டியல்தான் நான் முதலில் படிப்பது. இனப்பெயர்களின் பட்டியலையும் அன்றே பூட்டிவிடுகிறேன். இபேர்ட் ஆண்டுக்கொரு முறை வகைப்பாட்டைத் திருத்தும்போது ஓர் இனம் இரண்டாகலாம், இரண்டு ஒன்றாகலாம். உண்ணிக்கொக்கு இப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டு இனங்களாகப் பிரிந்திருக்கிறது. நமக்குக் கிடைப்பது கிழக்கு இனம் மட்டுமே என்பதால் இங்கே எண்ணிக்கை மாறாது. மாறக்கூடிய இடங்களில், பழைய பெயரை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் புதிய பெயரை எழுதுகிறேன். விரிதாளின் ஒரு படி கணினியிலும், ஒரு படி வெளி வட்டிலும் போகிறது; பென்சில் நோட்டுகளை ஆண்டு எழுதிய உறையில் போட்டுவைக்கிறேன். வரும் ஜனவரியிலிருந்து மொட்டைமாடிப் பட்டியலுக்கு ‘இரைச்சல்’ என்று ஒரு கட்டம் சேர்க்கப்போகிறேன். தெருவில் கட்டட வேலை நடக்கும் நாட்களில் ‘கேட்டது’ என்ற சான்று குறைவதற்கு அது விடை தருகிறதா என்று பார்க்க வேண்டும்.